அதானே சாரும் ஒரு ஜன்னலும்

பத்தேகாலுக்குப் பெரிய மேடம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பத்து நாற்பதுக்குச் சின்ன மேடம் எழுந்து போய் அதைச் சாத்தினார். பதினொன்று ஐந்துக்கு மறுபடியும் பெரிய மேடம். பதினொன்றரைக்கு மறுபடியும் சின்ன மேடம்.

மேலாளர் தம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். திறந்தால் பச்சை மை, சாத்தினால் சிவப்பு மை. இரண்டே நாளில் நாலு பக்கம் நிரம்பிவிட்டது. இந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு போரைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

போர் நடந்த இடம் குடிநீர்க் குழாய் வரைபட அலுவலகம். தெருவைத் தோண்டுகிறவர்கள், எந்தக் குழாயை எங்கே மாற்றினோம், எந்த வால்வைப் புதிதாக வைத்தோம் என்று ஒரு சீட்டில் கிறுக்கி அனுப்புவார்கள். அதை நகரத்தின் பெரிய வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவர்கள் இரண்டே பேர். பெரிய மேடம் சீட்டைப் பார்த்துப் படிப்பார். சின்ன மேடம் வரைபடத்தில் குறிப்பார். வயதில் பத்து வருஷம் வித்தியாசம் என்பதால் ஒருவர் பெரிய மேடம், மற்றவர் சின்ன மேடம். ஒரே நீள மேஜையில், ஒரே திசையைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறார்கள். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு குழாய்கூடத் தப்பான தெருவுக்குப் போனதில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அதை அவரே முடித்துவைப்பார். முடித்த கையோடு "அதானே?" என்று ஒரு முத்திரையும் குத்துவார். பதில் வருவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வந்த மூன்றாம் நாளே அலுவலகம் அவருக்கு 'அதானே சார்' என்று பெயர் சூட்டிவிட்டது.

போதாக்குறைக்கு, அப்போதுதான் அவர் 'பணியிட மோதல்களைத் தீர்ப்பது எப்படி' என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அங்கே பயிற்சியாளர், "மோதல்ல இருக்கிறவங்ககிட்ட நேரா போய் மோதலைப் பத்திப் பேசாதீங்க. மொதல்ல..." என்று தொடங்கியிருக்கிறார். உடனே நம் ஆள், "சுத்துப்புறத்தை மாத்தணும், அதானே?" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிட்டார். பயிற்சியாளர் அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க நினைத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் சிவப்பு மையைத் திறந்துகொண்டிருந்தபோது டீ அம்மா உள்ளே வந்தார். அலுவலகத்துக்கு டீ போடுகிறவர், கூட்டுகிறவர், சாவி வைத்திருப்பவர் எல்லாம் அவர்தான். டம்ளரை மேஜையில் வைத்தவர், நோட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"சார், ஒரு விஷயம்..."

"சர்க்கரை தீர்ந்துபோச்சு, அதானே?"

"அது இல்ல சார், அந்த..."

"ஒரு கிலோ வாங்கிக்கங்க. இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா?"

கையெழுத்துப் போட்டுச் சீட்டை நீட்டினார். டீ அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் காலை மேலாளர் சுற்றுப்புறத்தை மாற்றினார். நீள மேஜையை நடுவில் கழற்றி இரண்டாக்கினார். காற்றுக்காக இப்படித் துடிக்கிற பெரிய மேடத்தை ஜன்னலை ஒட்டி உட்கார வைத்தார். காற்றைக் கண்டாலே ஆகாத சின்ன மேடத்தை நாற்பது அடி தள்ளி, எதிர்ச் சுவரோரம் உட்கார வைத்தார். எதற்கு என்று இருவரிடமும் சொல்லவில்லை. பயிற்சி அப்படி.

"எதுக்கு சார் இந்த மாத்தம்?" என்று பெரிய மேடம் கேட்டார். "நாங்க எதாவது..."

"தப்பு பண்ணிட்டீங்களோன்னு பயப்படறீங்க, அதானே? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வசதிக்காகத்தான்."

நிம்மதியாக அறைக்குள் வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"வடக்குத் தெரு! நாப்பத்தேழாம் நம்பர்!"

"கேக்கலைக்கா!"

"நாப்பத்தேழுன்னு சொன்னேன்!"

"நாப்பதா?"

"ஏழும்மா! ஏழு! எத்தனை தடவை சொல்றது!"

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் நடந்த சண்டை இப்போது குரல் எடுத்துவிட்டது. அடக்கி வைத்திருந்த கோபம் வெளியே வருகிறது என்று பயிற்சியில் இதற்கு ஒரு பெயர்கூடச் சொன்னார்கள். ஒருவர் படித்து மற்றவர் குறிக்கிற வேலையை நாற்பது அடி தூரத்தில் செய்தால் கத்தித்தான் ஆக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஜன்னல் விஷயமும் மோசமானது. முன்பு ஒற்றைக் கதவைத் திறந்த பெரிய மேடம், இப்போது இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார். காற்று நேராகப் போய் எதிர்ச் சுவரில் முட்டியது. காகிதங்கள் பறந்தன.

'ஜெயித்துவிட்ட திமிர்' என்று மேலாளர் பச்சை மையில் எழுதினார்.

சின்ன மேடம் சும்மா இருந்தாரா? அரை மணிக்கு ஒரு தடவை நாற்பது அடியும் நடந்து வந்து, பெரிய மேடத்தின் தலைக்கு மேல் கையை நீட்டி, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்ப நடந்து போனார்.

'வன்மம்' என்று சிவப்பு மையில் எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

டீ அம்மா மறுபடி வந்தார். "சார், அவங்க ரெண்டு பேரும் ஏன்னா..."

"கத்திக் கத்தித் தொண்டை காயுது, ரெண்டு டீ கூடுதலா வேணும், அதானே? சர்க்கரை இன்னும் ரெண்டு கிலோ வாங்கிடுங்க."

அடுத்த திங்கட்கிழமை சின்ன மேடத்துக்குத் தனி அறை வந்தது. அறை என்றால், கோப்பு அடுக்குகிற மூலையைச் சுற்றி நாலு கண்ணாடித் தடுப்பும் ஒரு கதவும். ஜன்னல் கிடையாது. காற்று ஒரு பொட்டுக்கூட நுழையாதபடி கதவின் அடியில் ரப்பர்கூட ஒட்டச் சொன்னார் மேலாளர். தச்சர் கதவைப் பொருத்திக்கொண்டே, "சார், இதுக்குள்ள மனுஷங்க உக்காருவாங்களா, இல்ல..." என்றார்.

"கோப்பு வைக்கிறதுக்கான்னு கேக்கறீங்க, அதானே? மனுஷங்கதான்."

தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு ரப்பரை ஒட்டினார்.

சத்தம் நின்றது. மேலாளர் பூரித்துப்போய், மண்டல இயக்குநருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'பதினோரு ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு பகையை எட்டே நாளில் தணித்த விவரம்' என்று தலைப்பு.

கடிதம் தபாலில் போன அன்றே அவர் வெளியே எட்டிப் பார்த்தார். பெரிய மேடம் ஜன்னலோரம் எழுந்து நின்று சின்ன மேடத்தை நோக்கிக் கையை ஓங்கி ஓங்கி வீசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து சின்ன மேடம் விரலை நீட்டினார், மடக்கினார், கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். பெரிய மேடம் ஒரு பக்கம் கையைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

குரல் கேட்காததால் அவர்கள் ஜாடையில் வேலை செய்தார்கள். அதானே சார் கண்ணுக்கு அது கைகலப்புக்கு முந்தின கட்டமாகத் தெரிந்தது.

இதைவிட அவருக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. மேலாளர் உத்தரவுப்படி சின்ன மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், ஐந்து நிமிஷத்தில் பெரிய மேடம் வந்து அதைத் திறந்து, ஒரு கனத்த கோப்பை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். சின்ன மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். நேரே போய் ஜன்னலைச் சாத்துவார். கோப்பைப் பெரிய மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவார். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை. மேலாளர் எண்ணினார்.

"அடுத்தவங்க ரூமுக்கே போய்ச் சீண்டுறாங்களே!" என்று வீட்டில் மனைவியிடம் புலம்பினார். "அவங்க மட்டும் சளைச்சவங்களா? இந்தா உன் கோப்பு, வெச்சுக்கோன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிக் கொண்டுபோய் வெக்கிறாங்க."

"அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை..."

"கண்டிச்சீங்களான்னு கேக்கறே, அதானே?"

"இல்ல. கேட்டீங்களான்னு கேக்க வந்தேன்."

"என்னத்தைக் கேக்கறது? அதான் கண்ணுக்கு நேரா பாக்கறேனே!"

மனைவி புன்னகை செய்தார். கல்யாணமான புதிதில் தம் வாக்கியங்களைத் தாமே முடிக்கப் போராடிப் பார்த்தவர்தான். இப்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டுப் புன்னகை செய்வதோடு சரி.

புதன்கிழமை காலை தொலைபேசி அடித்தது. மண்டல இயக்குநர்.

"நீங்கதானே அந்தக் குழாய் வரைபட ஆபீசுல..."

"ஆமா சார்! கடிதம் கிடைச்சுது, பாராட்டலாம்னு கூப்பிட்டீங்க, அதானே சார்?"



"என் வீட்டு கேட் முன்னாடி ஆறடிப் பள்ளம் வெட்டியிருக்காங்க" என்றார் இயக்குநர். "வால்வு இந்தப் பக்கம்தான்னு உங்க வரைபடத்துல இருக்காம். தோண்டினாங்க, இல்ல. இன்னும் கொஞ்சம் தோண்டினாங்க, அப்பவும் இல்ல. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. கார் உள்ளே நிக்குது. நான் ஒரு பலகை மேல நடந்து, பஸ் பிடிச்சு, இப்பத்தான் வந்து உக்காந்தேன்."

நடந்தது இதுதான். பெரிய மேடம் சீட்டைப் பார்த்து, வால்வு தெருவின் இடப்பக்கம் என்று இடக்கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். பதினோரு வருஷம் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பெரிய மேடம் எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் சின்ன மேடத்துக்கும் அது அந்தப் பக்கம்தான். இப்போது எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கை நீண்ட பக்கம் பார்த்துச் சின்ன மேடம் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் குறித்துவிட்டார்.

"அந்த ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்றார் இயக்குநர். "அப்ப ஒருத்தரை மலைக் கிளைக்கு மாத்துங்க. யாருன்னு எனக்குக் கவலை இல்ல. வெள்ளிக்கிழமை நாலு மணி தபால் பையில பேர் வரணும்."

மலைக் கிளை என்பது மலை உச்சியில் நீரேற்று நிலையத்தை ஒட்டி ஒற்றை அறை. மூன்று பஸ் மாற வேண்டும். அங்கே மாற்றலாகிப் போனவர்கள் வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கிவிட்டு, ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்து குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். எழுபது கிலோ ஆளையே நகர்த்துகிற காற்று வேறு.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார் மேலாளர். 'வரைபடப் பிரிவில் இருவரில் ஒருவர் மலைக் கிளைக்கு மாற்றப்படுவார்.' தாளின் முன்னால் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பெரிய மேடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"சார், அந்த மலைக் கிளைக்கு..."

"உங்களால போக முடியாது, அதானே?"

"அது இல்ல சார். அவளை..."

"அவங்களை அனுப்பணும், அதானே?"

"ஐயோ இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

மேலாளர் கையை உயர்த்தினார். "ஒண்ணும் சொல்லாதீங்க. நான் ஒரு பக்கமா சாயறவன் இல்ல. அடுத்தவங்களைப் பத்தி யார் வந்து சொன்னாலும் காதுல வாங்க மாட்டேன். போய் வேலையைப் பாருங்க."

பெரிய மேடம் திரும்பிப் போனார். பத்து நிமிஷத்தில் சின்ன மேடம் வந்தார்.

"சார், அக்காவை..."

"அனுப்பிடுங்கன்னு சொல்ல வந்தீங்க, அதானே?"

"சார், நான் வந்து..."

"நீங்க இங்கேயே இருக்கணும், அதானே? ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசறீங்க!"

சின்ன மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே பேச வராதவர் அவர். திரும்பி ஓடிவிட்டார். மேலாளர் கதவைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். ஒருவரை ஒருவர் ஊரைவிட்டே துரத்தத் துடிக்கிறார்களே, பெண்களின் மனசு இப்படியும் கல்லாகுமா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பற்களை நறநறவென்று கடித்தார். இரண்டு வாரமாகவே அப்படிக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நியாயமான முடிவு என்றே அவருக்குப் பட்டது. தலைமை அலுவலக எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பெரியவங்களை அனுப்பறேன். காத்துன்னா அவங்களுக்கு உசுரு. நாள் பூரா ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. மலையில காத்துக்கா குறைச்சல்? தண்டனையும் ஆச்சு, சந்தோஷமும் ஆச்சு."

டீயோடு வந்த டீ அம்மா தட்டை அவசரமாக மேஜையில் வைத்தார். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"சார்! சார், அந்த ஜன்னல்..."

"அழுக்கா இருக்கு, அதானே? திங்கக்கிழமை தொடைங்க. சர்க்கரை வேணும்னாலும் வாங்கிக்கங்க."

அந்தக் கட்டத்தில் அலுவலக அலமாரியில் ஒன்பது கிலோ சர்க்கரை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளருடைய தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மனைவி கையைப் பிடித்துப் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். இளம் பெண், நிதானமான குரல்.

"கடிச்சுக் கடிச்சுப் பல்லுல விரிசல் விட்டிருக்கு. இதைப் பிடுங்க..."

"பிடுங்கணும், அதானே? பிடுங்குங்க!"

"...வேண்டியதில்லன்னு சொல்ல வந்தேன்" என்றார் மருத்துவர். "அடைச்சா போதும். கொஞ்சம் அவசரப்பட்டிருந்தா நல்ல பல்லு போயிருக்கும்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மருத்துவர் அடைத்து முடித்துவிட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து வாயை மூடச் சொன்னார். "சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சாப்பாடு கிடையாது. பேச்சு கிடையவே கிடையாது. பேசினீங்கன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மேலாளர் ஏதோ சொல்லப் போனார். மனைவி தோளில் கை வைத்து, "புரிஞ்சுதுன்னு சொல்ல வர்றார், அதானே?" என்றார். இருபது வருஷத்தில் கிடைத்த முதல் வாய்ப்பு. மனைவி அதை நழுவ விடவில்லை.

வாய் நிறையப் பஞ்சோடு மேலாளர் அலுவலகம் வந்தார். ஒரு பேச்சும் இல்லாமல் ஒரு காலைப் பொழுதை அவர் கழித்ததே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாததைக் கண்டு குழம்பி, மிச்சத்தையும் தாங்களே சொன்னார்கள். வாசல் காவலர் லீவு கேட்க வருகிறார் என்று நினைத்தால், அவர் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார். தட்டச்சு செய்கிறவர் இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தால், கெட்டதைத் தானே சரி செய்துவிட்டதாகச் சொன்னார். மேலாளருக்குத் தலை கிறுகிறுத்தது. இத்தனை நாள் இவர்கள் எல்லாம் என்னதான் சொல்ல வந்தார்கள்?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவருக்குச் சாப்பாடு கிடையாது. சும்மா உட்காரப் பிடிக்காமல் எழுந்து நடந்தார். வந்த நாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவர் அறையைவிட்டு வெளியே போனதில்லை. பின்பக்கப் படிக்கட்டில் குரல் கேட்டு நின்றார்.

கடைசிப் படியில் பெரிய மேடமும் சின்ன மேடமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே டிபன் பாக்ஸ். யாரும் சாப்பிடவில்லை.

"நான் போறேன்னு சொல்லத்தான் போனேன்" என்றார் பெரிய மேடம். "அவர் எங்கே சொல்ல விட்டார்?"

"நானும் அதைத்தான் சொல்லப் போனேன்க்கா. உங்களை அனுப்பாதீங்க, என்னை அனுப்புங்கன்னு."

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஸ்கூல் போற வயசு."

"உங்களுக்கு மட்டும்? மாமா தனியா என்ன செய்வார்? அடுப்புப் பத்த வெக்கக்கூடத் தெரியாது அவருக்கு."

"கத்துக்கட்டும்" என்று சிரித்தார் பெரிய மேடம். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன மேடம் ஒரு வாய் எடுத்து அவர் கையில் வைத்தார். "சாப்பிடுங்க, மொதல்ல."

மேலாளர் சத்தம் போடாமல் திரும்பி வந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் உட்கார்ந்தார், எழுந்தார், சான்றிதழைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். தன் வாயால்தானே அந்த இரண்டு வாக்கியங்களையும் முடித்தோம் என்று நினைத்தபோது பல் வலி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. நோட்டைப் புரட்டினார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. இருபத்திரண்டு பக்கம். இது பொய் இல்லையே? இரண்டு கண்ணாலும் பார்த்ததாயிற்றே? இப்படி ஒருவருக்காக ஒருவர் மலைக்குப் போகத் தயாராக இருப்பவர்கள், ஒரு ஜன்னலுக்காக ஏன் நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும்? ஜன்னலை விட்டுக்கொடுக்காதவர்கள் ஊரை எப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

அவருக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. பதிலைத் தானே சொல்லிவிடாத ஒரு கேள்வி. அன்றைக்கென்று பார்த்து வாயில் பஞ்சு.

மூன்றே முக்கால் ஆனது. தபால் பையை எடுக்கிறவர் வாசலில் வந்து நின்றார். மேஜையில் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. பெரிய மேடத்தின் பெயர் அடித்தாயிற்று, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

டீ அம்மா உள்ளே வந்தார். கையில் டீ இல்லை.

"சார், ஒரு விஷயம்..."

வழக்கம்போல நிறுத்திவிட்டுச் சர்க்கரைக்காகக் காத்திருந்தார். சர்க்கரை வரவில்லை. மேலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்ததே இல்லை, இதற்கு மேல் எப்படிப் போவது என்று அவருக்கே தெரியவில்லை.

மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். 'அந்த ஜன்னல், ஏன்?' என்று எழுதினார். அதை டீ அம்மா பக்கம் திருப்பி வைத்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜை மேல் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

டீ அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அதைச் சொல்லத்தான் சார் நான் இருபது நாளா நடக்கறேன். அந்த ஜன்னலை ஓடி ஓடித் திறக்கறாங்களே பெரிய மேடம், அவங்களுக்குத்தான் காத்து பட்டா ஆகாது. ஓடி ஓடிச் சாத்தறாங்களே சின்ன மேடம், அவங்களுக்குத்தான் காத்து இல்லாட்டி மூச்சு முட்டும்."